படுக்கையறைக்கு எத்தனை இஞ்ச் டிவி? தலையணையிலிருந்து அளக்க ஆரம்பியுங்கள்

சேலத்தில் ஐந்து ரோட்டுப் பக்கம் எந்த டிவி கடைக்குள் நுழைந்தாலும் முதல் கேள்வி "எத்தனை இஞ்ச் பார்க்கறீங்க?" என்பதுதான். நாம் பதில் தெரியாமல் நிற்போம், அவர் 55-ஐக் காட்டுவார், பக்கத்திலேயே ஒரு 75 மாட்டியிருக்கும், அதைப் பார்த்த கண்ணுக்கு 55 ஒன்றும் பெரிதாகத் தெரியாது, 43 ஏதோ போட்டோ ஃபிரேம் மாதிரி தெரியும். கடையின் கூரை உயரம், நாம் நிற்கும் தூரம், வரிசையாக எரியும் பெரிய திரைகள் எல்லாம் சேர்ந்து செய்கிற வேலை இது. விற்பவர் ஏமாற்றுகிறார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த இடத்தில் நின்றுகொண்டு அளவை முடிவு செய்யக் கூடாது. இஞ்ச் கணக்கை வீட்டிலேயே முடித்துவிட்டுத்தான் கடைக்குப் போக வேண்டும்.

அதற்கு ஒரு அளவு டேப், பழைய நியூஸ் பேப்பர், கொஞ்சம் செலோ டேப் போதும். தையல் டேப் இருந்தாலும் சரி.

ஹாலை விடப் படுக்கையறைக்குக் கணக்குப் போடுவது சுலபம். ஹாலில் ஒருவர் சோபாவில் இருப்பார், ஒருவர் சாப்பாட்டு மேஜையில், ஒருவர் தரையில் பூ கட்டிக்கொண்டு. படுக்கையறையில் கட்டில் நகரப்போவதில்லை, டிவி மாட்ட ஒரே ஒரு சுவர்தான் மிஞ்சும், உங்கள் கண்ணும் தினமும் கிட்டத்தட்ட அதே இடத்தில்தான் இருக்கப்போகிறது.

கண்ணிலிருந்து திரை வரை

பலரும் ரூமின் நீளத்தைச் சொல்லி "பத்துக்குப் பத்து ரூம், எத்தனை இஞ்ச் எடுக்கலாம்?" என்று கேட்கிறார்கள். ரூம் நீளம் வேறு, பார்க்கும் தூரம் வேறு. கட்டிலில் தலையணையைச் சுவரோடு சாய்த்து வைத்து நீங்கள் வழக்கமாக எப்படிச் சாய்வீர்களோ அப்படியே சாய்ந்துகொள்ளுங்கள், வீட்டில் வேறு யாரையாவது டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு எதிர்ச் சுவர் வரை போகச் சொல்லுங்கள். உங்கள் முதுகுப் பக்கத்துச் சுவருக்கும் கண்ணுக்கும் நடுவே ஒன்றே கால், ஒன்றரை அடி போய்விடும். டிவியும் மாட்டும் ஸ்டாண்டும் சேர்ந்து எதிர்ச் சுவரிலிருந்து மூன்று நான்கு இஞ்ச் முன்னால் வரும். ஆக, பத்தடி ரூமில் உண்மையான தூரம் எட்டு அடி சொச்சம். பன்னிரண்டு அடி ரூம் என்றால் பத்து அடி.

இப்போது அந்தத் தூரத்தை இஞ்சாக்கி இரண்டரையால் வகுங்கள், அப்புறம் இரண்டால் வகுங்கள். இரண்டுக்கும் நடுவில் விழுவதுதான் உங்கள் அளவு. எட்டடி என்றால் 96 இஞ்ச். வகுத்தால் 38-இலிருந்து 48 வரை, நடுவில் கடையில் கிடைப்பது 43. ஆறடி என்றால் 29 முதல் 36 வரை, அதாவது 32. பத்தடி இருந்தால் 48 முதல் 60, தாராளமாக 50 அல்லது 55 எடுக்கலாம். ஏழடிக்காரர்கள் பாடுதான் திண்டாட்டம், 34 முதல் 42 என்று வரும். அவர்கள் 40 எடுப்பதா 43 எடுப்பதா என்பது கீழே சொல்லப்போகும் மற்ற விஷயங்களைப் பொறுத்தது.

இணையத்தில் தேடினால் இதைவிடப் பெரிய எண் வரும். தூரத்தை 1.6-ஆல் வகு என்பார்கள், அந்தக் கணக்கில் எட்டடிக்கே 60 இஞ்ச் வந்துவிடும். அது தப்பில்லை. திரை நம் பார்வையில் 30 டிகிரி அகலத்தை அடைக்க வேண்டும் என்பது அமெரிக்காவில் சினிமா, டிவி பொறியாளர்கள் சங்கம் வைத்திருக்கும் அளவுகோல், அதிலிருந்து வருவதுதான் இந்த 1.6. ஆனால் அது விளக்கை அணைத்துவிட்டு நேராக உட்கார்ந்து படம் பார்ப்பவருக்கான கணக்கு. படுக்கையறையில் நாம் செய்வது அதுவா? பாதி நேரம் காமெடி சேனலை ஓடவிட்டுவிட்டு போனைப் பார்த்துக்கொண்டிருப்போம். அதனால்தான் நான் இரண்டு, இரண்டரை என்கிறேன். ராத்திரி உட்கார்ந்து படம் மட்டுமே பார்க்கிற ஆளாக இருந்தால் நீங்கள் 1.6 கணக்குக்கே போகலாம், யாரும் தடுக்கவில்லை.

சேலத்தில் அம்மாபேட்டை, குகை என்கிற பகுதிகளில் தறி போட்டிருக்கும் பழைய வீடுகளில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. நீளமான, ஒடுக்கமான அறை, அகலம் எட்டடி கூட இருக்காது. அங்கே கட்டிலைக் குறுக்கே போட்டு எதிர்ச் சுவரில் டிவி மாட்டினால் கண்ணுக்கும் திரைக்கும் நடுவே ஆறடிதான் கிடைக்கும், கால்மாட்டில் நடக்க இடமும் இருக்காது. கட்டிலை நீளவாக்கில் திருப்பிக் கோடிச் சுவரில் டிவியை வையுங்கள். திருப்பவே முடியாது என்றால் 32-ஐத் தாண்டாதீர்கள்.

இஞ்ச் என்பது குறுக்களவு

43 இஞ்ச் என்றால் அகலம் 43 இல்லை. ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்குக் குறுக்கே அளப்பது. பெட்டியில் சென்டிமீட்டரில்தான் பெரிதாக எழுதியிருக்கும்: 32-க்கு 80, 43-க்கு 108, 50-க்கு 126, 55-க்கு 139, கம்பெனிக்குக் கம்பெனி ஒன்று முன்னே பின்னே இருக்கும். "108 போட்டிருக்கே, நம்ம சுவர்ல ஒரு மீட்டர்தான் இருக்கு" என்று பயப்படத் தேவையில்லை. இன்றைய டிவிகள் எல்லாம் பதினாறுக்கு ஒன்பது என்ற விகிதம்தான், அதனால் குறுக்களவை 0.87-ஆல் பெருக்கினால் அகலம், 0.49-ஆல் பெருக்கினால் உயரம். 32 இஞ்ச் திரை 71 சென்டிமீட்டர் அகலம், 40 உயரம். 43 என்றால் 95-க்கு 54. 50 என்றால் 111-க்கு 62. 55 என்றால் 122-க்கு 69. விளிம்புக்காக ஒன்றிரண்டு சென்டிமீட்டர் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இந்த அளவுக்குப் பழைய பேப்பரை ஒட்டித் தைத்த மாதிரி ஒன்றாக்கி, சுவரில் செலோ டேப்பால் ஒட்டுங்கள். ஒட்டிவிட்டு உடனே கழற்றிவிடக் கூடாது. இரண்டு மூன்று ராத்திரி அப்படியே இருக்கட்டும். படுத்துக்கொண்டு பாருங்கள், பீரோ கதவைத் திறந்து பாருங்கள், பாத்ரூம் கதவு வந்து இடிக்கிறதா, ஜன்னல் திரை மேலே விழுகிறதா, காலையில் அவசரத்தில் புடவையோ சட்டையோ எடுக்கப் போகும்போது தோள் உரசுகிறதா என்று பாருங்கள். கட்டிலின் கால்மாட்டுக்கும் டிவிக்கும் நடுவே இரண்டடியாவது நடக்க வழி வேண்டும். பேப்பர் கிழிந்திருந்தால் டிவியும் அங்கே அடிபடும் என்று அர்த்தம்.

சரி, 43-க்கு ஒட்டிய பேப்பர் சுவரில் சின்னதாகத் தெரிகிறதே என்று தோன்றலாம். பேப்பர் ஒளிராது, டிவி ஒளிரும். விளக்கை அணைத்த ரூமில் அதே அளவு திரை இன்னும் பெரிதாகத் தெரியும், அதனால் பேப்பரைப் பார்த்து ஒரு அளவு ஏற்றிவிடாதீர்கள்.

எதில் பார்க்கிறீர்கள் என்பது பாதிப் பதில்

இதை யாரும் கேட்பதே இல்லை. கடைக்காரரும் கேட்க மாட்டார், ஏனென்றால் அவர் ஓட்டிக் காட்டுவது கம்பெனி கொடுத்த 4கே, அதாவது மிகத் தெளிவான வீடியோ, கிளி, பூ, அருவி. உங்கள் வீட்டில் ஓடப்போவது அரசு கேபிளின் எஸ்.டி. (சாதாரணத் தெளிவு) பாக்ஸா, டிஷ்ஷில் எச்.டி. (கூடுதல் தெளிவு) பேக்கா, இல்லை வைஃபையில் ஓடிடியா?

எஸ்.டி. சேனலின் படத்தில் மேலிருந்து கீழே 576 வரிதான் இருக்கும். அதை எவ்வளவு பெரிய திரையில் போட்டாலும் அதே 576-ஐத்தான் இழுத்து விரிக்க வேண்டும். சாதாரணப் பார்வை உள்ள ஒருவருக்கு அந்த வரிகள் தனித்தனியாக உறுத்தாமல் இருக்க 32 இஞ்ச் திரையிலிருந்து எட்டடி தள்ளியிருந்தால் போதும். 43-க்குப் பத்தரை அடி வேண்டும். 55-க்குப் பதிமூன்று அடிக்கு மேல் வேண்டும், அப்படி ஒரு படுக்கையறை நம்மில் எத்தனை பேருக்கு இருக்கிறது? "புது டிவி வாங்கினோம், பழைய டப்பா டிவியே தெளிவா இருந்துச்சு" என்று பாட்டி புலம்பினால் பாட்டி கண்ணில் கோளாறு இல்லை. பாக்ஸ் பழையது, திரை மட்டும் பெரிதாகிவிட்டது.

எச்.டி. சேனலோ ஓடிடியோ என்றால் இந்தக் கவலை போய்விடும். 43 இஞ்சில் ஃபுல் எச்.டி. (மேலிருந்து கீழே 1080 வரி) படத்தை ஆறடியிலிருந்து பார்த்தாலே புள்ளி தெரியாது. இதிலிருந்து இன்னொன்றும் புரிந்துகொள்ளலாம்: எட்டடி தள்ளிப் படுத்துக்கொண்டு 43 இஞ்ச் பார்ப்பவருக்கு ஃபுல் எச்.டி.க்கும் 4கே-வுக்கும் வித்தியாசம் அநேகமாகத் தெரியாது. விலை ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் 4கே எடுங்கள், அதற்காகவே நிறையக் கூடுதலாகக் கொடுக்க வேண்டியதில்லை. 32-இல் பெரும்பாலும் கிடைப்பது எச்.டி. ரெடி, அதாவது அகலவாக்கில் 1366 புள்ளி. ஆறடிக்கு மேல் அதுவே போதும்.

ஆக, கணக்குப்படி 43 வந்து, பார்ப்பது முழுக்க எஸ்.டி. கேபிள் என்றால் இரண்டு வழி. 32-இல் நின்றுகொள்ளலாம். இல்லை 43 வாங்கிவிட்டு பாக்ஸை எச்.டி.க்கு மாற்றிக்கொள்ளலாம். என்னைக் கேட்டால் இரண்டாவது. டிவி இன்னும் பல வருஷம் சுவரில் இருக்கப்போகிறது, பாக்ஸை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். ஏழடிக்காரர்களுக்கும் இதுதான் பதில்: எச்.டி. என்றால் 43, எஸ்.டி. என்றால் 40 கூட வேண்டாம்.

எவ்வளவு உயரத்தில் மாட்டுவது

ஹாலில் திரையின் நடுப்பகுதி உட்கார்ந்திருப்பவர் கண்ணுக்கு நேராக இருக்க வேண்டும் என்பார்கள். படுக்கையறையில் நாம் சாய்ந்திருப்பதால் பார்வை தானாகக் கொஞ்சம் மேலே போகும், அதனால் திரையின் நடு தரையிலிருந்து நாலு, நாலரை அடியில் இருக்கலாம். 43 என்றால் கீழ் விளிம்பு மூன்றேகால், மூன்றரை அடிக்கு வரும், கால்மாட்டுப் பலகையும் மறைக்காது. கீழ்நோக்கிச் சாய்க்கக்கூடிய ஸ்டாண்டாக வாங்கினால் இன்னும் நல்லது.

பீரோ மேல், லாஃப்டுக்குக் கீழ், கதவு நிலைக்கு மேல், இந்த மூன்று இடமும் வேண்டவே வேண்டாம். இடம் மிச்சமாகிறது என்று ஏழடி உயரத்தில் மாட்டி வைத்துவிட்டுக் கழுத்து வலிக்கிறது என்று தைலம் தேய்க்கும் வீடுகள் ஊரில் நிறைய இருக்கின்றன.

கட்டிலில் பெரியவர்கள், கீழே பாய் போட்டுப் பிள்ளைகள் என்று இருக்கும் வீடா? பாயில் படுப்பவரின் கண் தரையிலிருந்து ஒன்றரை அடிக்குள்தான் இருக்கும், நாலரை அடியில் மாட்டிய டிவி அவருக்குக் கோபுரம் பார்க்கிற கதைதான். யார் அதிகம் பார்க்கிறார்களோ அவருக்காக மாட்டுங்கள், அல்லது நாலு அடிக்கே இறக்கிவிடுங்கள். எல்லோருமே பாயில் படுப்பவர்கள் என்றால் சுவரில் மாட்டாமல் குட்டை மேஜையில் வைப்பதே மேல். மேஜையில் வைப்பதானால் ஒன்று கவனியுங்கள்: இப்போது வரும் டிவிகளுக்குப் பெரும்பாலும் நடுவில் கால் இல்லை, இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு கால். வீட்டில் இருக்கிற சின்ன மேஜையில் உட்காராது. கடையிலேயே இரண்டு காலுக்கும் இடையே உள்ள தூரத்தை அளந்துகொள்ளுங்கள்.

பக்கத்தில் தூங்குகிறவர்

அவர் ஒருவர் இருக்கிறார் அல்லவா? பெரிய திரை என்றால் அறையில் பெரிய வெளிச்சம். 55 இஞ்ச் திரையின் பரப்பு 43-ஐப் போல ஒன்றரை மடங்குக்கும் அதிகம், அத்தனையும் தூங்குகிறவர் முகத்தில்தான் விழும். வாங்கியதும் செட்டிங்கில் பேக்லைட்டை, அதாவது திரைக்குள் எரியும் விளக்கின் வெளிச்சத்தைப் பாதிக்குக் குறைத்துவிடுங்கள், கம்பெனியிலிருந்து வரும்போது கடை வெளிச்சத்துக்கு ஏற்ற மாதிரிக் கூசும்படி இருக்கும். குறித்த நேரத்தில் டிவியைத் தானே அணைக்கும் ஸ்லீப் டைமரும் பெரும்பாலான டிவிகளில் உண்டு, அதைப் போடத் தெரிந்துகொண்டால் ராத்திரி இரண்டு மணிக்கு விளம்பரம் ஓடிக்கொண்டிருக்காது.

அறையில் பக்கவாட்டிலிருந்து பார்ப்பவர்கள் இருந்தால் பேனல், அதாவது படம் தெரியும் திரைப் பலகை, எந்த வகை என்று கேளுங்கள். ஐ.பி.எஸ். பேனல் பக்கத்திலிருந்து பார்த்தாலும் நிறம் வெளுக்காது. வி.ஏ. பேனலில் இருட்டு அறையில் கறுப்பு நன்றாகக் கறுப்பாக இருக்கும், ஆனால் நேராகப் பார்க்க வேண்டும். ஒரே கட்டிலில் இரண்டு பேர், எதிரே டிவி என்றால் வி.ஏ. போதும். கடையில் ஓடும் டிவிக்குப் பக்கவாட்டில் நாலடி நகர்ந்து நின்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

சுவரும் பிளக் பாயிண்டும்

43 இஞ்ச் டிவி ஏழெட்டு கிலோதான், செங்கல் சுவர் தாராளமாகத் தாங்கும். ஹாலோ பிளாக் சுவர் என்றால் அதற்கென்று வரும் ஆங்கர் போடச் சொல்லுங்கள், சாதாரண பிளாஸ்டிக் கட்டை உள்ளே ஓட்டையில் சுற்றிக்கொண்டே இருக்கும். பழைய மண் சுவர் என்றால் மாட்டாதீர்கள், மேஜைதான். ஸ்டாண்டின் துளை அளவு டிவியின் பின்னால் உள்ள நாலு துளையோடு பொருந்த வேண்டும். 43-க்குப் பெரும்பாலும் 200-க்கு 200 மில்லிமீட்டர், 32-இல் மாடலுக்கு மாடல் மாறும். பிளக் பாயிண்டை டிவிக்கு நேர் பின்னால் நடுவில் வைத்தால் பிளக் முட்டி டிவி சுவரோடு ஒட்டாது, ஓரமாகத் தள்ளி வைக்கச் சொல்லுங்கள். மேற்கு பார்த்த சுவரில் சேலத்து வெயில் சாயங்காலம் வரை அடிக்கும், வேறு சுவர் இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். ஜன்னலுக்கு நேர் எதிரே மாட்டினால் பகலில் திரையில் ஜன்னல்தான் தெரியும்.

மலை மேல் இருப்பவர்களுக்கு

ஏற்காட்டில் வீடோ, நாகலூர்ப் பக்கம் எஸ்டேட்டில் ஒரு அறையோ இருந்தால் அளவுக் கணக்கு அதேதான். ஆனால் வாங்குவதற்கு முன் இரண்டு கேள்வி: கடை வண்டி மலை மேல் வருமா, மாட்டிக் கொடுக்கும் ஆள் வருவாரா? ஏற்காடு ஒண்டிக்கடை சந்திப்பு வரை வந்து இறக்கிவிட்டு, மாட்டுகிற ஆள் அடுத்த வாரம் என்று சொன்னால் பெட்டி அதுவரை எங்கே இருக்கும் என்று யோசியுங்கள். சொந்தக் காரில் ஏற்றிப்போகலாம் என்று நினைத்தால் பெட்டியின் அளவைக் கேட்டுக்கொண்டு முடிவு செய்யுங்கள். டிவி பெட்டியை நிமிர்த்தித்தான் வைக்க வேண்டும். பின் சீட்டில் படுக்கப் போட்டு இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறினால் கண்ணாடிக்கு உத்தரவாதம் இல்லை. சின்ன காரில் 32 நிமிர்ந்து போகும், 43 கஷ்டம்.

மழைக் காலத்தில் மலையில் வெளிச்சுவர் வியர்க்கும், ஓதம் ஏறும். அதில் டிவி மாட்டாதீர்கள், இரண்டு அறைக்கு நடுவில் உள்ள உள்சுவராகப் பாருங்கள், பின்னால் காற்றுப் போக இடைவெளி விடுங்கள். சில வீடுகளில் உள்சுவர் சின்னதாக இருக்கும், அப்போது கணக்கு 50 என்று சொன்னாலும் சுவர் 43 என்றுதான் சொல்லும், சுவர் பேச்சைக் கேளுங்கள். இடி மழைக்கு முன் கரண்ட் பிளக்கை மட்டும் பிடுங்கினால் போதாது, கேபிள் அல்லது டிஷ் வயரையும் கழற்ற வேண்டும், அதனால் கை எட்டும்படி வைத்துக்கொள்ளுங்கள். நல்ல மழையில் டிஷ் சிக்னல் போகும், அது டிவியின் குற்றமில்லை.

கடையில்

ஒரு பழைய அறிவுரையை இன்னும் சிலர் சொல்வார்கள்: "32-க்கு மேல போனா வரி ஜாஸ்தி." 2019 ஜனவரியிலிருந்து அது உண்மையாக இருந்தது, 32 வரை ஜி.எஸ்.டி. 18 சதவீதம், அதற்கு மேல் 28. 2025 செப்டம்பர் 22 முதல் எல்லா அளவுக்கும் 18 தான். வரிக்காக 32-இல் நிற்க வேண்டிய அவசியம் இனி இல்லை.

எழுதி வைத்த அளவோடு போங்கள், கையில் டேப்பும் இருக்கட்டும். நீங்கள் பார்க்கும் மாடலிலிருந்து உங்கள் வீட்டுத் தூரம், எட்டடியோ எதுவோ, அளந்து அங்கே நின்று பாருங்கள். முடிந்தால் ஸ்டூல் கேட்டு உட்கார்ந்து பாருங்கள், கொடுப்பார்கள். டெமோ வீடியோவை நிறுத்திவிட்டு ஒரு சாதாரண சேனல் போடச் சொல்லுங்கள். "அண்ணா, இன்னும் ரெண்டாயிரம் போட்டா 50 வந்துரும்" என்பார்கள். சுவரில் பேப்பர் ஒட்டிப் பார்த்தபோது 50-க்கு இடம் இருந்ததா இல்லையா என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

வீட்டுக்கு வந்ததும் மாட்ட வந்தவர் கிளம்புவதற்கு முன்பே பெட்டியில் உள்ள அளவும் மாடல் எண்ணும் பில்லோடு ஒத்துப்போகிறதா பாருங்கள். திரை முழுக்க வெள்ளை, பிறகு முழுக்கக் கறுப்புப் படம் போட்டுக் கோடோ புள்ளியோ இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். அவர் துளை போடுவதற்கு முன் நீங்கள் கட்டிலில் போய்ச் சாய்ந்துகொண்டு "இன்னும் கொஞ்சம் கீழே, இன்னும் கொஞ்சம்" என்று சொல்லுங்கள். அவர் நின்றபடி தன் கண் உயரத்துக்குத்தான் குறி போடுவார். பெட்டியையும் தெர்மாகோலையும் வாரண்டி முடியும் வரை பரணில் போட்டு வையுங்கள்.